ஆர்க்கைவ்ஸ்: சொல்லும் பொருளும்

'ஆர்க்கைவ்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பழைய காகிதங்கள் என்ற அளவிலேயே நம்மவர் பலர் விளங்கிக்கொள்கின்றனர். அதன் மூலமாகிய கிரேக்கச் சொல் ஆட்சியாளரின் அலுவலகத்தைக் குறித்ததாகும். எனவே, ஆவணங்களையும் அவை பேணப்படும் இடத்தையும் அச்சொல் ஒருங்கே சுட்டுகிறது. 'ரிக்கார்டு' எல்லாம் ஆர்க்கைவ்ஸ் ஆகிவிடா. அன்றாட அலுவல் முடிந்த பின்னரும் நிலையாகக் காக்கத்தக்கவை எனத் தேர்ந்து வைக்கப்பட்டவையே அப்பெயருக்கு உரியன. 1909இல் எழும்பூரில் தனிக் கட்டடம் பெற்ற சென்னை ஆவண அலுவலகம் இன்று 'தமிழ்நாடு ஆவணக் காப்பகம்' என வழங்குவது பொருத்தமே.

காவலின் பெறுமதியை நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணே அறிந்திருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர் வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அவர் கிழித்தெறிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடம் இருந்தது. அதிலுள்ள பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த வேறோர் ஓலையுடன் ஒப்பிட்ட பின்னரே அவையோர் தீர்ப்புரைத்தனர். ஆர்க்கைவ்ஸ் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

அரபியில் இதற்கு 'வஸாயிக்', 'மஹ்ஃபூளாத்' என்ற சொற்கள் உண்டு. இக்காலத்து அரபிகள் 'அர்ஷீஃப்' என்றும் எழுதுகின்றனர். கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. ஷஅபான் என்று மட்டும் குறித்த ஒரு பத்திரம் உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, "எந்த ஆண்டின் ஷஅபான்?" என அவர்கள் வினவியதையும், ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்பட்டதற்கு அது ஒரு காரணமானதையும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். நம் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இன்றும் வழங்கும் 'பசலி', பருவத்தைக் குறிக்கும் 'ஃபஸ்ல்' என்ற அரபிச் சொல்லின் வழி வந்ததே.

வடக்குத்துப் பகுதியில் வாழ்வோருக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்த பின்னர், சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. பாட்டனார் உழுத வயலின் எல்லையை இனி நிலத்தில் காண இயலாது, பதிவேட்டில்தான் காணலாம்.

வக்ஃபுச் சொத்துகளின் நிலையும் இதற்கு நெருங்கியதே. 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தை அடுத்து, பதிவான வக்ஃபுகளின் விவரங்களை இணையதளத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போது நானறிந்த ஒரு மஹல்லாவில் மூலப் பத்திரத்தைத் தேடினர். முந்தைய முத்தவல்லி ஒருவரின் வீட்டுப் பரணில், செல்லரித்த உறை மட்டுமே கிடைத்தது. பதிவு செய்த பத்திரமாதலால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட படி பெற முடிந்தது. அதே பரணிலிருந்த பழைய நிக்காஹ் பதிவேட்டுக்கோ அத்தகைய படி எங்கும் இல்லை.