உழைப்பின் வியர்வையும் நோயின் வியர்வையும்

மலையகத் தொழிலாளரைப் பற்றிப் பேசும் மேடைகளில் வியர்வை என்ற சொல் அடிபடாத நாளில்லை. மே தினத்தன்று அது இன்னும் உரத்து ஒலிக்கும். எனினும், அதே வியர்வை அளவு மீறிச் சுரந்து ஒருவருடைய படிப்பையும் தொழிலையும் உறக்கத்தையும் குலைக்கும்போது, அதனை ஒரு நோயாகக் கருதி வைத்தியரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. உடம்புவாகு என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றோம். அல்லது பயந்த சுபாவம் என்று பிள்ளையின் மீதே பழியைப் போட்டுவிடுகின்றோம்.

பண்டாரவளையும் அப்புத்தளையும் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஊர்களாகும். மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள லயன்களிலிருந்து விடியற்காலையில் கம்பளி இன்றி வெளியே வர இயலாது. அத்தகைய குளிரிலும் ஒரு மாணவியின் உள்ளங்கையிலிருந்து நீர் சொட்டுமாயின், அதற்கு வெயிலைக் காரணம் காட்ட முடியாது. கைக்குட்டையைக் கொப்பியின் மேல் விரித்து, அதன்மேல் கையை வைத்து எழுதும் பிள்ளைகள் எமது தோட்டப் பாடசாலைகளில் இருக்கின்றார்கள். பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள் நனைந்து, எழுத்துக் கலைந்து, கலவரத்தில் கை மேலும் வியர்க்க, தெரிந்த விடையையும் எழுதாமல் எழுந்து வருபவர்கள் அவர்களே. தொழிலுக்கு வந்த பின்னர் நிலைமை வேறுவிதமாகின்றது. வியர்த்த கையில் கவ்வாத்துக் கத்தி வழுக்கினால் காயம் நிச்சயம். விரல் அடையாளம் பதிக்கும் இயந்திரங்களும் ஈர விரலை எளிதில் ஏற்பதில்லை.

மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களிலேயே அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. உடல் சூடேறும்போது மூளை பரிவு நரம்புகளின் வழியே கட்டளையை அனுப்ப, அந்நரம்பு முனைகளில் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனம் வெளிப்பட்டு, சுரப்பி வியர்வையைச் சுரக்கின்றது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெப்பத்தைக் காட்டிலும் மனக்கிளர்ச்சிக்கே விரைவாக வியர்ப்பவை. மிகைவியர்வை உள்ளவர்களிடம் சுரப்பிகளின் எண்ணிக்கை கூடியிருப்பதில்லை; கட்டளைதான் அளவுக்கு மீறி வருகின்றது. 'ஏன் இப்படிக் கை ஈரமாக இருக்கின்றது?' என்று ஆசிரியர் அதட்டும்போது கட்டளை இன்னும் கூடுகின்றது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

இவ்வகை வியர்வை பெரும்பாலும் 25 வயதுக்கு முன்னரே, அநேகமாகச் சிறுபராயத்தில் அல்லது பூப்பெய்தும் பருவத்தில் ஆரம்பிக்கின்றது. இடது கை, வலது கை என்ற வேறுபாடின்றி இரு புறமும் ஒரே அளவில் வியர்க்கும். தாய்க்கோ தந்தைக்கோ இருந்திருப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உறங்கும்போது அது நின்றுவிடும். இந்த ஓர் அடையாளத்தை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஏனெனில் பகலில் கை மட்டும் வியர்ப்பவருக்கும், இரவில் பாய் நனைய உடல் முழுதும் வியர்ப்பவருக்கும் வழி வேறு.

இரவு வியர்வையுடன் இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு என்பன சேர்ந்திருந்தால் முதலில் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் லயன்களில் இது ஒருவரோடு நிற்கும் விடயமன்று. சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதங்கள் நீடிக்கும்; இடையில் நிறுத்தக் கூடாது.

அடுத்ததாக நீரிழிவு. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் தேநீருடன் மலையேறும் தொழிலாளர்கள் அநேகர். பத்து மணியளவில் உடல் நடுங்கி, கண் இருண்டு, குளிர்ந்த வியர்வை பெருகுமாயின், அது இரத்தத்திலே சீனி சடுதியாகக் குறைந்ததன் அறிகுறியாகும். வெயில் மயக்கம் என்று நிழலில் கிடத்திவிட்டு இருந்தால் ஆபத்து. உணர்வோடு இருப்பவருக்கு உடனே சீனி கரைத்த நீரோ இனிப்புத் தேநீரோ கொடுக்க வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றக் கூடாது. வைத்தியசாலைக்கே கொண்டு செல்ல வேண்டும். சீனி மாத்திரை உட்கொள்பவர்கள் யாரென்று மலையில் உடன் நிற்பவர்களும் கங்காணிமாரும் தெரிந்து வைத்திருப்பது பல உயிர்களைக் காக்கும்.

நெஞ்சை அழுத்தும் வலியுடன் குளிர்ந்த வியர்வை வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். தோட்டத்துப் பாதைகளின் நிலையை எண்ணிப் பார்க்கையில் நோயாளியைப் பிரதான வீதி வரையிலாவது கொண்டுவர ஏற்பாடு செய்துகொள்வது புத்திசாலித்தனம். தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்குதல், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் என்பனவும் உடல் முழுவதையும் வியர்க்க வைக்கும்.

ஊவாவில் தனித்துக் குறிப்பிட வேண்டிய காரணம் ஒன்றுண்டு. வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளின் உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களில் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் பலர் கூலிக்கு மருந்தடிக்கச் செல்கின்றனர். பூச்சிகொல்லிகளில் ஓகனோபொஸ்பேற் வகையைச் சேர்ந்தவை, மேலே கூறிய அசற்றைல்கோலினை அழிக்கும் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. விளைவாக வியர்வை பெருகும்; எச்சிலும் கண்ணீரும் வழியும்; கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும்; தசை துடிக்கும்; மூச்சு முட்டும். மிகக் கொடிய வகைகளுக்கு இலங்கை 1995 இல் தடை விதித்தது. அதன் பின்னரும் பல மருந்துகள் நிறுத்தப்பட்டுள்ளன. என்றாலும், வெற்று மார்புடன், முகமூடியின்றி, காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்கும் வழக்கத்தை எந்தத் தடையும் நிறுத்திவிடவில்லை. இக்குறிகள் தென்பட்டால் உடையைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். அற்றோப்பின் என்னும் மாற்று மருந்து அங்குண்டு.

இவையெல்லாம் இல்லையென்று தெரிந்த பின்னர் எஞ்சுவது, நாம் முதலில் கூறிய மாணவியின் வியர்வையாகும். அதற்கும் சிகிச்சை உண்டு. எளியதிலிருந்து தொடங்குவதே முறை.

அலுமினியம் குளோரைட் கலந்த பூச்சுமருந்து முதலாவது. முடி மழித்தபின் பூசும் படிகாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. இரண்டும் அலுமினியத்தின் உப்புகளே. வியர்வைக் குழாயின் வாயை இவ்வுப்பு தற்காலிகமாக அடைக்கின்றது. இரவில், நன்றாக உலர்ந்த தோலில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக் கையில் பூசினால் எரியும், பயனும் கிட்டாது. மருந்து பயனற்றது என்று கைவிடுபவர்களுள் பலர் செய்யும் பிழை இதுவே. குறைந்தபின் வாரத்துக்கு ஓரிரு முறை பூசினாலே போதும். கடைகளில் விற்கும் வாசனைத் தெளிப்பான்கள் நாற்றத்தை மறைக்குமேயன்றி, அலுமினிய உப்பு இல்லாதவை வியர்வையைக் குறைக்கமாட்டா.

கை, கால் வியர்வைக்கு மென்மின் சிகிச்சை நல்ல பலன் தருவதாகும். சாதாரணக் குழாய்நீர் நிறைந்த தட்டில் கையை வைத்து, சில மில்லி அம்பியர் அளவான மின்னோட்டத்தை 20 நிமிடங்கள் போலச் செலுத்துவார்கள். முதலில் வாரத்துக்கு மூன்று முறை. பின்னர் இடைவெளி கூடும். இதனை வீட்டில் பற்றரியைக் கொண்டு தாமே செய்து பார்க்க எவரும் முனையக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் இது ஆகாது.

ஒட்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் நரம்பின் கட்டளையைத் தடுக்கின்றன. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியன அவற்றின் பக்கவிளைவுகள். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உடலைக் குளிர்விப்பது வியர்வையே. பெல்வத்தை, செவனகலை கரும்புத் தோட்டங்களின் வெயிலில் வேலை செய்பவர் இம்மாத்திரையை உட்கொண்டால் வெப்பத்தாக்கத்துக்கு ஆளாகலாம். தமது தொழில் என்னவென்று வைத்தியரிடம் கூறாமல் இம்மருந்தைப் பெறக் கூடாது.

பொட்டுலினம் ஊசிமருந்து அக்குள் வியர்வைக்கு 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஒருமுறை போட்டால் ஆறு மாதம் அளவில் பயன் நிற்கும். அதன் விலையோ தோட்டத் தொழிலாளியின் வருமானத்துக்கு எட்டாதது. மார்பினுள் நரம்பைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. கை உலர்ந்துவிடும், ஆனால் பலருக்கு முதுகும் வயிறும் தொடையும் முன்னெப்போதும் இல்லாதவாறு வியர்க்கத் தொடங்கும். வெட்டிய நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இயலாது. ஆதலால் இதனைக் கடைசி வழியாகவே கருத வேண்டும்.

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு தேயிலையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. கடும் சாயத்தில் உள்ள டனின் தோலைச் சுருக்கும் தன்மையது. ஒரு லீற்றர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி தூளை இட்டு, ஆறியபின் 20 நிமிடம் கையையோ காலையோ அமிழ்த்தி வைப்பது பழைய கைமுறை. இலேசான வியர்வைக்கு ஓரளவு உதவும். கடுமையான நிலைக்குப் போதாது. தோல் சிறிது பழுப்பேறும். கொழுந்து பறிக்கும் விரல்களுக்கு அக்கறை புதிதல்லவே.

கால்களை நாம் மறந்துவிடுகின்றோம். மழையில் இறப்பர் சப்பாத்துடன் நாள் முழுதும் நிற்பவரின் கால் வியர்த்து ஊறினால் விரலிடையே சேற்றுப்புண் வரும். உள்ளங்காலிலே சிறு சிறு குழிகள் விழுந்து துர்நாற்றம் வீசினால், அது பக்றீரியாவினால் ஏற்படுவது; பூச்சு மருந்தினால் குணமாகும். பருத்திக் காலுறைகள் இரண்டு சோடி வைத்துக்கொண்டு நடுப்பகலில் மாற்றுவதும், சப்பாத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிடுவதும் பெரும் செலவு பிடிப்பவையல்ல.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென இந்நாட்டில் 1872 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் தோட்ட டிஸ்பென்சரி என்றால் தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் குளிசை வாங்கும் இடமாகவே பலருக்கும் தெரிகின்றது. கை வியர்க்கின்றது என்று அங்கு சொல்லப் போனால் சிரிப்பார்களோ என்ற தயக்கம் வேறு. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து பதுளை வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குச் சென்று வர ஒரு முழுநாள் வேண்டும். அன்றைய பேர் போய்விடும். பஸ் செலவும் உண்டு. கிளினிக் துண்டைக் காட்டுபவருக்கு அன்றைய சம்பளத்தை வெட்டாதிருக்கத் தோட்ட நிர்வாகங்கள் இணங்க வேண்டும் என்பது எமது கோரிக்கை. தொழிற்சங்கங்கள் இதனைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். பாடசாலை வைத்தியப் பரிசோதனையின்போது சுகாதார வைத்திய அதிகாரிகள் பிள்ளையின் பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு உள்ளங்கையையும் தொட்டுப் பார்த்தால், பரீட்சைக்கு ஈராண்டுகள் முன்னரே சிகிச்சை ஆரம்பித்துவிடும்.

கிளினிக்குக்குச் செல்பவர்கள் சில விபரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நலம். வியர்வை எந்த வயதில் ஆரம்பித்தது, எந்தெந்த இடங்களில் வருகின்றது, உறக்கத்திலும் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு, எடை குறைந்துள்ளதா, தற்போது உட்கொள்ளும் மருந்துகள் எவை, செய்யும் தொழில் என்ன என்பனவே அவை. மருந்துகளின் பெயர் தெரியாவிடின் மாத்திரை அட்டையையே கொண்டு போகலாம்.