வீட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம்

யூபியூ முடிவுகள் வெளிவரும் பருவத்தில் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளே மாறிவிடும். பாட்டு கேட்பவர்கள் குறைந்து, வழி கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். அப்படி ஒரு காலையில் மாசாயிலிருந்து ஓர் அம்மா அழைத்தார்.

"தம்பி, மகளுக்கு யூடிஎம்ல கெமிக்கல் எஞ்சினியரிங் கெடச்சிருக்கு. ஸ்கூடாய்தான். ஆனா சொந்தக்காரங்கல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்னாதான் பேருன்னு சொல்றாங்க. இதப் படிச்சா சவுக்காரக் கம்பெனி வேலைதானாப்பா?"

"நல்ல பல்கலைக்கழகம்தாம்மா, தைரியமா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் மனம் உறுத்தியது. அந்த வளாகத்தைக் கடந்து எத்தனையோ முறை கார் ஓட்டியிருக்கிறேன். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

1904-இல் தொடங்கிய பயணம்

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேர் கோலாலம்பூரில் இருக்கிறது. 1904-இல் டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கியது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1980-களில் தலைமை வளாகம் ஸ்கூடாய்க்கு வந்தது. 2010-இல் நாட்டின் ஐந்தாவது ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற தகுதி கிடைத்தது.

கட்டுமானம், இயந்திரவியல், மின்னியல், வேதிப் பொறியியல், கணினி, கட்டடக்கலை, நில அளவை, அறிவியல், நிர்வாகம் என்று துறைகள் நீள்கின்றன. எந்தப் பல்கலைக்கழகக் கையேட்டைத் திறந்தாலும் இதே போன்ற பட்டியல் இருக்கும். பட்டியலை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதனால் அந்த அம்மாவின் மகளுக்குக் கிடைத்த துறையை ஒட்டிய ஓர் ஆய்வு மையத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் மேம்பட்ட சவ்வுத் தொழில்நுட்ப ஆய்வு மையம், சுருக்கமாக 'ஆம்டெக்'.

சௌரிராஜன் முதல் ஸ்கூடாய் வரை

சவ்வு என்பது மிக நுண்ணிய வடிகட்டி. நம் வீட்டுக் குழாயில் மாட்டும் ஆர்.ஓ. வடிகட்டியின் உயிரே அதுதான். உப்பு நீரை அழுத்தித் தள்ளினால் தண்ணீர் மட்டும் மறுபக்கம் வரும், உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சிட்னி லோப் ஒருவர். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரம் பெருமாளின் பெயரைக் கொண்டவர்! அதுவரை இருந்த சவ்வுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இவர்கள் செய்த சவ்வு ரொட்டியைப் போன்றது. மேலே மிக மெல்லிய தோல், அடியில் அதைத் தாங்கும் பஞ்சு. உப்பைத் தடுக்கும் வேலையைத் தோல் செய்யும். பஞ்சு தண்ணீரைத் தாராளமாக விட்டுவிடும். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் இந்த முறையில் குடிநீர் பெற்றது.

சௌரிராஜன் பின்னர் கனடாவின் ஒட்டாவா நகரில் தேசிய ஆய்வு மன்றத்தில் பணியாற்றினார். அங்கே அவரோடு சேர்ந்து உழைத்தவர் ஜப்பானில் பிறந்த தாகேஷி மட்சூரா. அந்த மட்சூராதான் பிற்காலத்தில் ஸ்கூடாய்க்கு வருகைதரு பேராசிரியராக வந்தவர். ஆம்டெக் மையத்தை வளர்த்த பேராசிரியர் அஹ்மட் ஃபௌஸி இஸ்மாயிலோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் நூல்களும் எழுதினார்.

அஹ்மட் ஃபௌஸி யூடிஎம்மிலேயே இளங்கலையும் முதுகலையும் படித்தவர். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, படித்த இடத்துக்கே திரும்பினார். 2014-இல் மெர்டேக்கா விருது பெற்றார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார்.

'அனைத்துலக ஆய்வு ஒத்துழைப்பு' என்று கையேட்டில் போடுகிறார்களே, அதன் உண்மையான முகம் இதுதான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் வித்தை. லாஸ் ஏஞ்சலஸ், ஒட்டாவா, ஸ்கூடாய் என்று வந்த அந்த வரிசையில் அடுத்து நிற்கப்போவது மாசாய்ப் பெண்ணாகவும் இருக்கலாம்.

நமக்கு என்ன?

ஜொகூர்க்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அந்த நாளை மனத்தில் வைத்து, கழிவுநீரையும் கடல்நீரையும் சவ்வு வழியாகச் சுத்திகரிக்கும் ஆலைகளைச் சிங்கப்பூர் 20 ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டது.

நம் பக்கத்தில் 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் நடந்ததை மறக்க முடியுமா? சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. மாசாய் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆற்றில் என்ன கலந்தது, அதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று சொல்ல வேண்டியவர்களில் வேதிப் பொறியாளரும் ஒருவர்.

இன்னொன்று நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் நூறு பெரியவர்களில் ஏறத்தாழ 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். அதன் கடைசிப் படி பலருக்கு டயாலிசிஸ் நாற்காலி. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். இயந்திரத்தின் பக்கவாட்டில் நிற்கும் அந்த உருளைக்குள் இருப்பவை, உள்ளே துளையுள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். அந்த இழையின் சுவரே சவ்வு. ஒருமுறை இரத்தத்தைச் சுத்தம் செய்ய 100 லிட்டருக்கு மேல் சுத்தமான நீர் வேண்டும். அதைத் தருவதும் ஆர்.ஓ. சவ்வுதான். டயாலிசிஸ் சவ்வை இன்னும் மேம்படுத்துவது ஆம்டெக் ஆய்வுகளில் ஒன்று.

பெற்றோர் கேட்க வேண்டியவை

வெளிநாட்டுப் பெயர் வேண்டும் என்பவர்களுக்கும் ஜொகூரிலேயே வழி உண்டு. இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசல் மருத்துவப் பல்கலைக்கழகம் 2011 முதலும், சவுத்ஹாம்ப்டன் 2012 முதலும் இயங்குகின்றன. கட்டணத்தில்தான் அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் இவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கே சேர்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, பாடம் நடத்துவது யார்? துறையின் விரிவுரையாளர் பட்டியல் இணையத்தில் இருக்கும். அவரவர் எதில் வல்லுநர், அண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டு, ஒத்துழைப்பு தாளிலா, வேலையிலா? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கைகுலுக்கும் படம் எல்லாரிடமும் இருக்கும். இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் உண்டா? மாணவர்கள் உண்மையிலேயே போய் வருகிறார்களா?

மூன்று, பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? பொறியியல் என்றால் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்பாட்டின் முழு உறுப்பினரானது. அங்கீகாரம் பெற்ற படிப்பை பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற உறுப்பு நாடுகள் தங்கள் நாட்டுப் படிப்புக்கு நிகராக ஏற்கின்றன. சொந்தக்காரர்கள் சொல்லும் 'வெளிநாட்டுப் பேரு' ஸ்கூடாயில் இருந்தபடியே கைக்கு எட்டும்.

மாசாய் அம்மாவுக்கு அன்று அவசரத்தில் அரைகுறைப் பதில் சொல்லிவிட்டேன். இதைப் படித்தால் இதையே என் முழுப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. சவுக்காரக் கம்பெனியிலும் நல்ல வேலை உண்டு, அது குறைவில்லை. ஆனால் உங்கள் மகள் போகும் துறையில், நாம் குடிக்கும் தண்ணீரையும் நம் பெரியவர்களின் இரத்தத்தையும் சுத்தம் செய்யும் வித்தையைக் கற்றுத்தருகிறார்கள். வகுப்பு தொடங்கிய முதல் வாரமே, ஆய்வுக்கூடத்தைப் பார்க்க முடியுமா என்று விரிவுரையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.