'எக்ஸ்ப்ளோரட்டரி கால்' வந்தால் வேலை கிடைச்சாச்சா? ஒரு சொல்லின் கதை

சொந்த ஊர் ராமநாதபுரம், வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க், ஸ்ரீவராகத்தில் வாடகை வீடு. இப்படி ஒருவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். போனில் இரண்டு செய்திகள். ஹெச்ஆர் ஒருவரின் மெயில்: "எக்ஸ்ப்ளோரட்டரி கால் பேசலாமா?" வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அப்பா: "எக்ஸ்ப்ளோரட்டரி கிணறுன்னு நியூஸ்ல சொல்றாங்களே, அப்படின்னா என்னப்பா?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

அர்த்தம் என்ன?

'தேடிப் பார்க்கும் நோக்கிலான' என்பதே பொருள். என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. 'எக்ஸ்ப்ளனேட்டரி' என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 'விளக்கும்' என்று பொருள்படும் வேறு சொல்.

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'எக்ஸ்ப்ளோராரே' என்றால் தேடி ஆராய்வது. ரோமானியப் படையில் முன்னே போய் எதிரியின் நிலவரத்தை அறிந்து வருபவர்களுக்கு 'எக்ஸ்ப்ளோராட்டோரெஸ்' என்றே பெயர். உளவு பார்ப்பதுதான் அவர்கள் வேலை, போரைத் தொடங்குவது அல்ல.

எங்கெல்லாம் வரும்?

நோய்க்குக் காரணம் பிடிபடாதபோது வயிற்றைத் திறந்து பார்க்கும் அறுவை சிகிச்சைக்கு இந்த அடைமொழி உண்டு. டேட்டா வேலையில் இருப்பவர்களுக்கு 'இடிஏ' தெரியும். ஜான் டூக்கி 1977இல் 'எக்ஸ்ப்ளோரட்டரி டேட்டா அனாலிசிஸ்' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். முடிவை வைத்துக்கொண்டு டேட்டாவைத் தேடாமல், டேட்டா என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்பதுதான் அது.

ஒரு சொல்லில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயு 'தேடும்' திட்டங்களை 'பி2' பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. எடுக்கும் கட்டத்துக்குத்தான் தேவை. அடுத்த மாதமே தமிழ்நாடு, காவிரி டெல்டாவை வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிதாகத் தேடுவதையும் அங்கே தடை செய்தது. ராமநாதபுரம் அந்த மண்டலத்தில் இல்லை. 2025இல் அங்கே ஓஎன்ஜிசியின் ஆய்வுக் கிணறுகள் பற்றிய செய்தி வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. அனுமதிக்க மாட்டோம் என்றது மாநில அரசு.

நீங்கள் என்ன செய்யலாம்?

அந்த 'கால்' வேலை உத்தரவு அல்ல, இன்டர்வியூகூட அல்ல. தாராளமாகப் பேசுங்கள், ஆனால் அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுடாதீங்க. பேச்சின் முடிவில் "அடுத்த கட்டம் என்ன?" என்று கேட்டுடுங்க.

அப்பாவுக்கும் இதையே சொல்லுங்கள்: இப்போதைக்குத் தேடல்தான். ஆனால் ஏதாவது கிடைத்தால் அடுத்து என்ன என்ற கேள்வியை இப்போதே கேட்கலாம்.