பினாங்கிலிருந்து சென்னை: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. சென்னையில் பெரியப்பா தவறிவிட்டார். மறுநாள் மாலை அடக்கம். பாக்கார் ஆராங்கில் இருக்கும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, "முகத்தைப் பார்க்கப் போய்ச் சேர முடியுமா?" என்பதுதான். இதற்கு விடை காண மூன்று கணக்குகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

வான்வழிக் கணக்கு

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,370 கிலோமீட்டர். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சுமார் 2,630 கிலோமீட்டர். விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அப்படியானால் மூன்று மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஆனால் ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, வளைந்து இறங்குவது எல்லாம் அட்டவணையில் சேரும். எதிர்க்காற்று வீசினால் மேலும் தாமதமாகும். ஆகவே இரண்டு வழியிலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரக் கணக்கு

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைக்கும் வரை இந்த வித்தியாசம் இரண்டு மணியாக இருந்தது. காலை 10 மணிக்குப் புறப்பட்டால் சென்னையில் இறங்கும்போது அங்கே 11.30 தான். திரும்பி வரும்போதோ, நான்கு மணிப் பயணம் கடிகாரத்தில் ஆறரை மணியாகத் தெரியும்.

தரைவழிக் கணக்கு

பலரும் மறப்பது இதைத்தான். வானில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் 260 கிலோமீட்டர், அதாவது சுமார் இருபது நிமிடம். ஆனால் பாக்கார் ஆராங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரம்; கோலாலம்பூர் விமான நிலையத்துக்கோ ஐந்து மணி நேரம் ஆகும்.

விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகப் போவது, இறங்கியபின் குடிநுழைவுச் சோதனை ஒரு மணி என்று சேர்த்தால், பினாங்கு வழி ஒன்பது மணி நேரம், கோலாலம்பூர் வழி பதின்மூன்று மணி நேரம். காலை 6 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், பினாங்கு வழியில் இந்திய நேரம் பகல் 12.30-க்கும், கோலாலம்பூர் வழியில் மாலை 4.30-க்கும் வெளியே வரலாம். அந்த நேரத்துக்குப் பொருந்திய விமானம் இருந்தால்தான் இது நடக்கும்.

2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நிறுவனம் சென்னை - பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது வடமாநிலத் தமிழர்களுக்குப் பெரிய உதவி என்பது குறிப்பிடத்தக்கது. அட்டவணைகள் மாறுவதால், கோலாலம்பூர் விமானங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அன்றைய தோட்டத்து மக்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. 'ரஜூலா', பின்னர் 'சிதம்பரம்' ஆகிய கப்பல்களில் மெட்ராஸ் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிவுக்கு வந்தது. தாயின் மரணச் செய்தி கடிதத்தில் வந்தபோது கருமாதியும் முடிந்திருக்கும்.

இன்று தடுப்பது கடல் அல்ல, காலாவதியான கடப்பிதழும் கையில் இல்லாத இந்திய விசாவும்தான். ஊரில் வயதானவர்கள் இருக்கும் குடும்பங்கள் இன்றே அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது.