கேஸ் குறைஞ்சிருக்கா, டெஸ்ட் குறைஞ்சிருக்கா? - கொரோனா எண்களைப் படிப்பது எப்படி?

2025 ஜூன் மாதம் உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த மெசேஜ் வந்திருக்கும். 'இந்தியாவில் ஆக்டிவ் கேஸ் 7,000-ஐத் தாண்டியது!' கூடவே முள்ளு முள்ளாக ஒரு சிவப்பு வைரஸ் படம். எங்கள் குரூப்பில் அதை ஃபார்வர்டு செய்தது பெரியம்மா. அடுத்த வாரம் மதுரையில் ஒரு கல்யாணம். 81 வயது தாத்தாவையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். "போலாமா, வேணாமாடா? நீதான் நெட்ல பார்த்துச் சொல்லணும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

7,000 என்பது அதிகமா, கம்மியா? 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் மட்டும், ஒரே நாளில் 36,184 பேருக்கு பாசிட்டிவ். அதோடு ஒப்பிட்டால் நாடு முழுக்கச் சேர்த்து 7,000 என்பது ஒண்ணுமே இல்லை என்றுதான் தோணும். நானும் அப்படித்தான் டைப் பண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன்னா, அந்த ரெண்டு எண்ணும் ஒரே விஷயத்தை எண்ணவில்லை.

தினமும் வெளியாகிற 'இன்றைய பாதிப்பு' என்பது வைரஸ் தொற்றியவர்களின் எண்ணிக்கை கிடையாது. தொற்றியவர்களில் யாருக்கு அறிகுறி வந்ததோ, அவர்களில் யார் டெஸ்ட் எடுக்கப் போனார்களோ, அவர்களில் யாருடைய சாம்பிளில் லேப் வைரஸைக் கண்டுபிடித்ததோ, அந்த ரிசல்ட் எப்போது கம்ப்யூட்டரில் ஏறியதோ... இத்தனை சல்லடைகளையும் தாண்டி விழுந்த எண் அது. ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று கேட்டால், வலையில் மாட்டியதை எண்ணிச் சொல்கிற மாதிரி. வலை எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் வீசினார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சல்லடையில் எவ்வளவு பேர் நின்றுபோனார்கள்? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 2020 அக்டோபர் - நவம்பரில் மாநிலம் முழுக்க மக்களின் ரத்தத்தை எடுத்து, கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 31.6% பேருக்கு இருந்தது. சுமார் 7.2 கோடி மக்கள்தொகையில் அது 2.2 கோடிக்கும் மேல். அந்த நவம்பர் முடியும்போது அதிகாரபூர்வ பாதிப்பு எண்ணிக்கை 8 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஏறக்குறைய 30 பேருக்குத் தொற்றியதில் ஒருத்தர்தான் லிஸ்ட்டில் வந்திருக்கிறார்.

உடனே 'மறைச்சுட்டாங்க பார்த்தியா' என்று குதிக்க வேண்டாம். பலருக்கு அறிகுறியே வந்திருக்காது. வந்தவர்களிலும் கஷாயத்தைக் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டவர்கள் ஏராளம். டெஸ்ட் எடுக்கவே போகாதவரை லேப் எப்படி எண்ணும்?

வகுத்துப் பாருங்க

அப்போது தினமும் சாயங்காலம் சுகாதாரத்துறையின் புல்லட்டின் வரும். டிவியில் முதல் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு எண்: இன்று எத்தனை டெஸ்ட்?

ஒரு மாவட்டத்தை எடுத்துக்குவோம். சனிக்கிழமை 10,000 பேரை டெஸ்ட் பண்ணி 500 பேருக்கு பாசிட்டிவ். திங்கட்கிழமை 5,000 பேரை டெஸ்ட் பண்ணி 400 பேருக்கு பாசிட்டிவ். 'பாதிப்பு 500-லிருந்து 400 ஆகக் குறைந்தது' என்று செய்தி வரும். வகுத்துப் பாருங்கள். சனிக்கிழமை நூற்றுக்கு 5. திங்கட்கிழமை நூற்றுக்கு 8. குறைந்தது டெஸ்ட்தான். தொற்று ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைத்தான் பாசிட்டிவிட்டி ரேட் என்கிறார்கள். தொடர்ந்து ரெண்டு வாரமாவது இது 5%-க்குக் கீழே இருந்தால்தான் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ரேட் அதிகமாக இருந்தால் என்ன அர்த்தம்? நன்றாகக் காய்ச்சல் வந்து படுத்தவர்களை மட்டும்தான் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரியாத கூட்டம் இன்னும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். 36,184 வந்த அந்த நாளில் தமிழ்நாட்டின் ரேட் 20%-க்கும் மேல். அதாவது அந்தப் பயங்கரமான எண்கூட உண்மையைவிடக் குறைவுதான்.

'அப்போ டெஸ்ட்டையே குறைச்சா கேஸும் குறைஞ்சிடுமே' என்று கிண்டலாகக் கேட்பீர்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்த பேரணியில் அன்றைய அதிபர் ட்ரம்ப், டெஸ்ட்டிங்கை மெதுவாக்கும்படி தன் ஆட்களிடம் சொன்னதாக மேடையிலேயே பேசினார். வெயிங் மெஷினை ஒளித்துவைத்துவிட்டு டயட் இருப்பதாகச் சொல்கிற ஃப்ரெண்டு நம் எல்லோருக்கும் உண்டு இல்லையா?

ஆனா, இந்த ரேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அறிகுறியே இல்லாத விமானப் பயணிகளை ஆயிரக்கணக்கில் டெஸ்ட் செய்தால் ரேட் தானாகக் கீழே வரும். ஊருக்குள் தொற்று அப்படியேதான் இருக்கும். அதேபோல ஒரே ஆளை ரெண்டு, மூணு தடவை டெஸ்ட் பண்ணினாலும் சாம்பிள் கணக்கு ஏறும். 2020 மே 8 அன்று மத்திய அரசு விதியை மாற்றுகிற வரை, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆக ரெண்டு நெகட்டிவ் ரிசல்ட் காட்ட வேண்டும். அதெல்லாமும் டெஸ்ட்தான், ஆனால் புது ஆள் இல்லை. தமிழ்நாட்டு புல்லட்டினில் 'சாம்பிள்கள்' என்று ஒரு வரியும் 'நபர்கள்' என்று ஒரு வரியும் தனித்தனியாக இருந்ததைக் கவனித்தவர்கள் கம்மி. வகுக்க வேண்டியது நபர்களால்.

எது 'ஒரு டெஸ்ட்' என்பதிலேயே வெளிநாட்டில் ஒரு கூத்து நடந்தது. 2020 ஏப்ரல் முடிவதற்குள் தினமும் 1 லட்சம் டெஸ்ட் என்று பிரிட்டன் அரசு இலக்கு வைத்தது. கடைசி நாளில் 1,22,347 என்று அறிவித்தார்கள். பிரித்துப் பார்த்தால், அதில் சுமார் 40,000 வீடுகளுக்கும் மையங்களுக்கும் அனுப்பிவைத்த கிட்டுகள். யாரும் மூக்கில் குச்சி விடவில்லை, லேப் தொடவில்லை, பார்சல் கிளம்பியது, அவ்வளவுதான். அவற்றைக் கழித்தால் இலக்கையே எட்டவில்லை. அந்த நாட்டின் புள்ளிவிவர ஆணையத் தலைவரே இந்தக் கணக்குமுறையைக் குறைசொல்லி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

எந்த டெஸ்ட்?

டெல்லியில் 2020 ஜூனில் ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட் வந்தது. அரை மணி நேரத்தில் ரிசல்ட், லேப் வேண்டாம், செலவும் கம்மி. டெஸ்ட் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால், அந்த கிட்டை அங்கீகரித்தபோதே ஐ.சி.எம்.ஆர் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தது: சோதித்துப் பார்த்ததில், தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84% பேரைத்தான் அது கண்டுபிடித்தது. அதனால் அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால், ஆர்.டி-பி.சி.ஆர் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

கணக்குப் போடுவோம். தொற்று உள்ள 100 பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆன்டிஜென் டெஸ்ட் 50 முதல் 84 பேரைப் பிடிக்கும். மீதிப் பேர் 'நெகட்டிவ்' என்ற மெசேஜோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள். அதனால ஒரு ஊரில் ஆர்.டி-பி.சி.ஆரைக் குறைத்து ஆன்டிஜெனைக் கூட்டினால், தொற்று கொஞ்சமும் மாறாமலே கேஸும் குறையும், ரேட்டும் குறையும். தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்.டி-பி.சி.ஆரையே பிடித்துக்கொண்டு நின்றது. ரெண்டு மாநிலங்களின் எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்து 'நாம மோசம், அவங்க பரவாயில்லை' என்று மீம் போட்டதெல்லாம் நியாயமே இல்லை.

எந்த நாள் என்பதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எடுக்க வருகிறவர்கள் குறைவு, லேபிலும் ஆள் குறைவு. அடுத்த ஒண்ணு, ரெண்டு நாள் எண் இறங்கும். புதன், வியாழன் மறுபடி ஏறும். வைரஸுக்கு வீக் எண்ட் கிடையாது, நமக்குத்தான். அதனால் ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு 7 நாள் சராசரியைப் பார்ப்பதுதான் சரி.

சில நேரம் காரணம் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பாசிட்டிவ் கேஸ்கள் கணக்கிலிருந்தே காணாமல் போயின. பழைய எக்ஸெல் ஃபார்மேட்டில் ஒரு ஷீட்டுக்கு 65,000 சொச்சம் வரிசைதான் பிடிக்கும். அதற்குமேல் வந்தது சத்தமில்லாமல் வெளியே விழுந்துவிட்டது. அந்தப் பாசிட்டிவ் ஆட்களுக்கு ரிசல்ட் போய்விட்டது. ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் டீமுக்குத் தகவல் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் பாட்டுக்கு ஆபீஸும் கடையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

7,000-க்கு வருவோம்

2021 மே மாதத்திலேயே வீட்டில் நாமே எடுத்துக்கொள்ளும் கிட்டுக்கு ஐ.சி.எம்.ஆர் அனுமதி கொடுத்தது. ரிசல்ட்டை ஆப்பில் ஏற்ற வேண்டும் என்பது விதி. 2022 ஜனவரியில், ஒமிக்ரான் நேரத்தில், எத்தனை பேர் ஏற்றினோம்? ரெண்டு கோடு வந்ததும் போட்டோ எடுத்து ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் போட்டதோடு சரி. அதே மாதம் 10-ம் தேதி இன்னொரு மாற்றமும் வந்தது. பாசிட்டிவ் ஆனவரோடு பழகியவர்கள், வயதானவர்கள் அல்லது வேறு நோய் உள்ளவர்களாக இல்லாவிட்டால் டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை என்று ஐ.சி.எம்.ஆர் சொன்னது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஓர் எதிர்ப்புசக்தி வந்துவிட்ட பிறகு அது நியாயமான முடிவுதான். ஆனால், அன்றிலிருந்து வலை சின்னதாகிவிட்டது.

2025-ல் அது இன்னும் சின்னது. தீவிர சுவாசத் தொற்றோடு அட்மிட் ஆகிறவர்களுக்கும், காய்ச்சல், இருமலோடு வருகிறவர்களில் 5% பேருக்கும்தான் டெஸ்ட் என்பது விதி. ஆக, அந்த 7,000-க்குப் பின்னால் எத்தனை பேர் சாதாரண ஜலதோஷம் என்று மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. 2021-ன் 36,184-ஐ இதன் பக்கத்தில் வைத்து 'ஒண்ணுமே இல்லை' என்பதும் தப்பு. '7,000 ஆயிடுச்சே' என்று அலறுவதும் தப்பு.

அப்போ எதைத்தான் பார்ப்பது? மருத்துவமனையில் எத்தனை பேர், ஐ.சி.யு-வில் எத்தனை பேர் என்பது கொஞ்சம் உறுதியான எண். மூச்சுத்திணறல் வந்தவர் வீட்டில் இருக்க மாட்டார், எப்படியும் கணக்கில் வந்துவிடுவார். ஆனால், அந்த எண் லேட்டாகத்தான் ஏறும். இறப்பு அதைவிட லேட். அதுவும் சில நேரம் விட்டுப்போகும். சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளை 2020 ஜூலை 22 அன்றுதான் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். இன்னொரு வழி, கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், சாக்கடை. கழிவுநீரில் வைரஸின் அளவைப் பார்ப்பதற்கு யாரும் க்யூவில் நிற்க வேண்டாம். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி ஆய்வகம் 2020-லேயே இதைச் செய்து பார்த்தது.

பெரியம்மாவுக்கு இத்தனையையும் டைப் பண்ணவில்லை. போன் போட்டேன். "பெரியம்மா, அந்த 7,000-ஐ வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மதுரையில சொந்தக்காரங்க வீட்டுல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கான்னு கேளுங்க. தாத்தா இன்ஹேலரை மறக்காம எடுத்துக்குங்க. மண்டபத்துல ஏசி ஹாலுக்குள்ள உட்கார வேணாம், வாசல் பக்கம் ஃபேன் காத்துல உட்கார வைங்க. கூட்டத்துல மாஸ்க் போட்டுக்கட்டும்" என்றேன்.

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நேத்துலேர்ந்து இருமலாம்டா" என்றார் பெரியம்மா.

"டெஸ்ட் எடுத்தாரா?"

"எதுக்குடா? வெறும் இருமல்தானே!"

தாத்தா முகூர்த்தத்துக்குப் போகவில்லை. வீடியோ காலில் அட்சதை போட்டார்.