கேஸ்கட் தானாகப் போவதில்லை

டீ வருவதற்குள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒரு சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய 44 சதுர சென்டிமீட்டர் வரும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் எரியும்போது உச்ச அழுத்தம் 60 பார் என்றால், சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் 2,700 கிலோ. டர்போ வைத்த இன்ஜினில் அழுத்தம் 100 பாரைத் தொட்டால் அதே விசை நாலரை டன். வண்டி 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த இடி நிமிடத்துக்கு 1,000 முறை விழுகிறது.

இதைத் தாங்கிக்கொண்டு பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கிடப்பதுதான் ஹெட் கேஸ்கட். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, ரப்பர் பூச்சு கொடுத்துச் செய்கிறார்கள். சிலிண்டருக்குள் எரியும் நெருப்பு, சுற்றி ஓடும் கூலன்ட், மேலே ஏறி இறங்கும் ஆயில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று இன்னொன்றைத் தொடாமல் காப்பது அதன் வேலை.

"டர்போ வண்டியா? கேஸ்கட் அடிக்கடி போகுமே" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த நாலரை டன்னைத் தெரிந்துகொண்டுதான் கம்பெனிக்காரர் ஹெட் போல்ட்டையும் கேஸ்கட்டையும் தேர்ந்தெடுத்திருக்கிறார். அளவுக்குள் ஓடும்வரை அது இன்ஜினோடு சேர்ந்தே வாழும். அதைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு பேர்: ஒன்று சூடு, இன்னொன்று நாக்கிங்.

முதலில் சூடு. ஹெட் அலுமினியத்தால் ஆனது. பல இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு. 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கேஸ்கட்டின் இரு முகங்களும் இப்படி உரசிக்கொள்கின்றன. இதுவரை கேஸ்கட் பொறுத்துக்கொள்ளும். ஓவர்ஹீட் ஆகும்போதுதான் கதை மாறுகிறது. அலுமினியம் பலமிழந்து நீளப் பார்க்கும், போல்ட்டுகள் விடாது, ஹெட் நடுவில் வளையும். ஆறிய பிறகும் முழுதாகப் பழைய நிலைக்கு வராது. வளைந்த இடத்தில் கேஸ்கட்டின் மேல் பிடி தளர்ந்துவிடும்.

ஆகவே பராமரிப்பு கூலன்ட்டிலிருந்து தொடங்குகிறது. கூலன்ட் டேங்க் மூடியைப் பலர் வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். குக்கருக்கு வெயிட் எப்படியோ, இதற்கு இந்த மூடி அப்படி. 1.1 பார் என்று பொறித்த மூடி, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரைச் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் வைத்திருக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால், ஹெட்டின் உள்ளே மிகச் சூடான இடத்தில் கூலன்ட் ஆவியாகிக் குமிழ் கட்டும். குமிழுக்குச் சூட்டை அள்ளிச் செல்லும் திறன் இல்லை. சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் விட்டு ஹெட்டை இழந்தவர்கள் உண்டு.

போர் தண்ணீர் ஊற்றுவதும் அதே கதைதான். நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து, உலோகத்துக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பும். கலந்தே விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள். அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலந்துகொள்ளுங்கள். மேனுவலில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் துருவைத் தடுக்கும் சரக்கு அதற்குள் தீர்ந்திருக்கும். "நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று கழற்றிப் போடும் பட்டறைகளும் உண்டு. சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

அடுத்தது நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஓரம் வரை சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்தால், அழுத்தம் சட்டென்று எகிறிச் சுத்தியலடியாக விழும். அந்த அடி விழுவது கேஸ்கட்டின் சிலிண்டர் வளையத்தில்தான். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும், சூடான காற்று நாக்கிங்கை வரவழைக்கும். டர்போவுக்கும் நாக்கிங்குக்கும் உள்ள உறவு இதுதான்.

இது புதிய தலைவலி அல்ல. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதன் கம்ப்ரஷன் விகிதமும் அதிகம், 10.25. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். அதற்கென்று தனி டேங்க். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். டேங்க் காலியானால் வண்டி டர்போவின் பலத்தைக் குறைத்துக்கொண்டது. இரண்டு மாடல் ஆண்டுகளோடு அந்தக் காரே நின்றுபோனது. பிறகு 1980-களில் சுவீடனின் சாப் கம்பெனி, நாக்கிங்கை சென்சாரால் கேட்டறிந்து டர்போ அழுத்தத்தைத் தானே குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய டர்போ பெட்ரோல் வண்டிகளில் நாக் சென்சாரும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சர்வ சாதாரணம்.

ஆனால் சென்சாரால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஐந்தாவது கியரில் 1,300 ஆர்பிஎம்மில் மேம்பாலம் ஏறுகிறீர்களா? ஒரு கியர் இறக்குங்கள். இந்த முன்பற்றலைத் தடுப்பதற்கென்றே ஆயில் தரத்தில் தனிச் சோதனை சேர்த்தார்கள். 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் அது உண்டு. மேனுவல் கேட்கும் தரம் ஆயில் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் மூடியில் எழுதிய ஆக்டேன் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து பவர் கூட்ட ஆசைப்பட்டால், முதலில் போட்ட கணக்கில் 100 பார் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசியுங்கள். போல்ட்டுகள் பழைய கணக்குக்குப் போட்டவை. டீசல் டர்போவில் இந்த அழுத்தம் இன்னும் அதிகம்.

அறிகுறிகளும் தெரிந்திருக்கட்டும். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைவது, டேங்கில் விடாமல் குமிழ் வருவது, சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுவது. சூட்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். முள் பொய் சொல்லலாம். முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரங்கட்டுங்கள். சிவப்பு விளக்கு வந்தால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது.

அப்படியும் போய்விட்டால், புதுக் கேஸ்கட் போடுவது பாதி வேலைதான். ஹெட்டின் மேல் நேர்விளிம்புப் பட்டையை வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு வளைவைப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் ஃபேசிங், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும். ஒருமுறை இழுபட்ட ஹெட் போல்ட்டுகளைக் கம்பெனி மாற்றச் சொல்லியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டார்க் ரென்ச்சில், மேனுவலில் சொன்ன வரிசைப்படி, சொன்ன கோணத்துக்கு இறுக்க வேண்டும். கை அளவில் இறுக்கிய ஹெட் ஓரிடத்தில் கெட்டியாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் உட்காரும்.

மெக்கானிக் "கேஸ்கட் போயிருச்சு" என்று சொன்னால், "சரிண்ணே, எதனால போச்சு?" என்று கேளுங்கள். ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் ஓடவில்லையா, வாட்டர் பம்ப்பா, நாக்கிங்கா? அதற்குப் பதில் கிடைக்காமல் புதுக் கேஸ்கட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். காரணம் உள்ளேயே இருந்தால் அதுவும் இதே வழியில்தான் போகும்.