ட்ரோனில் போட்டோ எடுக்கப் போறீங்களா? கிருஷ்ணன்கோவில் பக்கம் பறக்கவிடும் முன் இதைக் கவனிங்க!

மேற்கே மலைத்தொடர், அடிவாரத்தில் தென்னந்தோப்பு, தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் ட்ரோனை மேலே ஏற்றினாலே படம் அள்ளும் என்றுதான் தோன்றும். ஆனால் இறக்கிப் பார்த்தால் வானம் வெள்ளையாக வெளுத்திருக்கும், மலை கறுப்பாக இருக்கும். ஏன் இப்படி ஆகிறது?

முதல் காரணம் நேரம். மலை மேற்கில் இருப்பதால் காலை வெயில்தான் அதன் முகத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது நிழலுருவம் மட்டுமே கிடைக்கும்.

அடுத்து கேமரா. சிறிய ட்ரோன்கள் பலவற்றில் அபெர்ச்சரை மாற்ற முடியாது. கையில் இருப்பது ஐஎஸ்ஓவும் ஷட்டர் வேகமும்தான். ஐஎஸ்ஓவை 100-ல் வைத்துவிட்டு ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். ஜேபெக் வேண்டாம், 'ரா' ஃபார்மேட்டில் எடுங்கள். அதில் இருட்டாக விழுந்த தோப்பை பிறகு வெளிச்சமாக்கலாம். ஆனால் வெளுத்துப்போன வானத்தை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. அதனால் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாதபடி கொஞ்சம் இருட்டாகவே எடுப்பது நல்லது. அதுவும் போதாதென்றால் ஏஇபி இருக்கிறது. ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்சத்தில் 3 அல்லது 5 படங்களாக எடுத்துத் தரும், பிறகு இணைத்துக்கொள்ளலாம். என்டி ஃபில்டர் வீடியோவுக்குத்தான், போட்டோவுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

காற்று வீசும் நாளில் ஷட்டர் 1/200-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கோங்க. காற்றை எதிர்த்துத் திரும்ப பேட்டரி அதிகம் செலவாகும் என்பதால் 30 சதவீதத்திலேயே திருப்பிவிடுவது நல்லது.

பலர் தொடாமல் விடும் செட்டிங் 'ரிட்டர்ன் டு ஹோம்' உயரம். சிக்னல் போனால் ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி நேராகத் திரும்பி வரும். 11 நிலை கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 190 அடிக்கும் மேல், அதாவது கிட்டத்தட்ட 60 மீட்டர். ரிட்டர்ன் உயரம் 30 மீட்டர் என்று இருந்து, ட்ரோன் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் நின்றால் என்ன ஆகும்? நேராக வந்து மோதும். 80 மீட்டர் வையுங்கள். மலையடிவாரத்தில் இன்னும் கவனம் தேவை. திரையில் காட்டும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. எதிரே தரை ஏற ஏற இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்துக்கோங்க. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனில் காசு வாங்கிக்கொண்டு கல்யாண போட்டோ எடுத்தால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். வரைபடத்தில் பச்சையாக இருந்தாலும் மலைக்குள் அனுப்பிவிடாதீர்கள். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். சதுரகிரியும் அதற்குள்தான் வருகிறது. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனைக் கிளப்பினால் வழக்கு வரும், ட்ரோனும் கையை விட்டுப் போகலாம்.